ரேஷன் அரிசி நிற்பது ஆணையால் அல்ல: குடும்ப அட்டைதாரர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள்

அரிசியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா, ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்ற விவாதம் தமிழ்நாட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்பி அடங்கும். 2017 ஜூலையில் அரசிதழில் முன்னுரிமைப் பட்டியலுக்கான, அதாவது சட்டப்படி அரிசி பெறும் குடும்பங்களின் பட்டியலுக்கான, விலக்கு விதிகள் வெளியானபோது, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியவர்கள், குளிர்சாதனக் கருவி வைத்திருப்பவர்கள், மூன்று அறைகள் கொண்ட கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்கள் எல்லாம் விலக்கப்படுவார்கள் என்று செய்தி பரவி ஊரெங்கும் பதற்றம் உண்டானது. அன்றைய உணவுத்துறை அமைச்சர் காமராஜ் அனைவருக்கும் அரிசி தொடரும் என்று விளக்கம் தந்த பிறகுதான் அது தணிந்தது.

வட்ட வழங்கல் அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அரசு குறைப்பு ஆணை போட்டு அரிசியை இழந்த குடும்பம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஆணையே இல்லாமல், கடையில் இருக்கும் கருவியில் ரேகை விழாததாலும், கணினியில் ஒரு பெயர் காணாமல் போனதாலும், அட்டையில் அச்சான நான்கு எழுத்துகளாலும் அரிசியை இழந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அறிவித்துவிட்டு வெட்டினால் போராடலாம். அறிவிக்காமல் வெட்டப்படும்போது, வெட்டு விழுந்தது என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு அதை 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனாலும் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைக் கைவிடாமல், மாநில அரசு தன் செலவில் அவர்களுக்கும் அரிசி கொடுத்து வருகிறது. இதனால் ஒரே வரிசையில் நிற்கும் இருவருக்கு ஒரே அரிசி கிடைத்தாலும், ஒருவருக்கு அது சட்டப்படியான உரிமை, மற்றவருக்கு அது மாநில அரசின் கொள்கை முடிவு. விவாதம் மறுபடி சூடுபிடித்து உண்மையிலேயே குறைப்பு வந்தால், முதலில் அடிபடப்போவது இரண்டாமவர்தான்.

நீங்கள் யார் என்பது உங்கள் ஸ்மார்ட் அட்டையின் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். ஏ.ஏ.ஒய். என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக வறிய குடும்பம், மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற குடும்பம், அரிசி உண்டு, ஆனால் 20 கிலோவுக்கு மேல் கிடையாது. அதன் பின்னால் எஸ். என்று இருந்தால் சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. என்.சி. என்று இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது, வெறும் அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முன்னுரிமை அட்டையில் தலைக்கு 5 கிலோ என்ற கணக்கு இருப்பதால், ஏழு பேர் உள்ள குடும்பத்துக்கு 35 கிலோ வரும். அதே ஏழு பேர் முன்னுரிமையற்ற அட்டையில் இருந்தால் 20 கிலோவோடு முடிந்தது. இந்த 15 கிலோ வித்தியாசத்தைத் தெரியாமலேயே பல ஆண்டுகள் கழித்த குடும்பங்கள் இருக்கின்றன.

இந்த எழுத்துகள் எப்படி முடிவாகின்றன என்பதைக் கவனியுங்கள். முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்குள் வரக்கூடிய மக்களின் அளவுக்கு ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, ஊரகத்தில் 62.55 சதவீதம், நகரத்தில் 37.79 சதவீதம். அதற்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் பிரிந்திருந்தாலும், எத்தனை பேர் நொடித்துப் போயிருந்தாலும் அந்த எண்ணிக்கை நகரவில்லை. ஆகவே மகனுக்குத் திருமணமாகித் தனி அட்டை எடுக்கும்போது, பெற்றோரின் அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தது என்பதற்காக மகனுடையதும் அப்படியே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் தம்பதிக்கு முன்னுரிமையற்ற அட்டை வந்து, மாடிவீட்டுக்காரர் பழைய பட்டியலில் முன்னுரிமையாகவே தொடர்வது அன்றாடக் காட்சி. புதிய அட்டை கைக்கு வந்த அன்றே எழுத்தைப் பாருங்கள். தவறாக இருந்தால், வகை மாற்றம் கோரி வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்துமூலமாக மனுக் கொடுங்கள். சென்னையாக இருந்தால் மண்டல உதவி ஆணையருக்குக் கொடுக்க வேண்டும். கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, தீராத நோயாளி, ஆதரவற்ற அறுபது வயதுக்கு மேற்பட்டவர் தலைமையில் உள்ள குடும்பம் என்றால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள், ஏனென்றால் அந்தியோதயாவுக்கான வழிகாட்டுதல்களில் இவர்கள் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பதிவு செய்யும்போது, அங்கிருக்கும் பையன் அவசரத்தில் சர்க்கரை அட்டையைத் தேர்வு செய்துவிட்டால், அதை அரிசி அட்டையாக மாற்ற நீங்கள் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பதிவை அனுப்புவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி ரேகைக்கு வருவோம். நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றிய ஒரு அம்மா எங்கள் பக்கத்துக் கடையில் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விரலாக வைத்தார். கருவி ஏற்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், கழுவிவிட்டு வைத்தார். பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "ரேகையே இல்லை ஆத்தா, நாளைக்கு வா, இல்லைன்னா மகனைக் கூட்டிட்டு வா" என்று கடைக்காரர் சொன்னார். மகன் திருப்பூரில் இருக்கிறார். அந்த மாதம் மூன்று முறை வந்து திரும்பியவர் நான்காம் முறை வரவில்லை. கணினியில் அது எப்படிப் பதிவாகும் என்று யோசித்துப் பாருங்கள்: அரிசி மறுக்கப்பட்டது என்று பதிவாகாது, அவர் பொருள் வாங்கவில்லை என்றுதான் பதிவாகும்.

ரேகை விழவில்லை என்பது அரிசியை மறுப்பதற்கான காரணமே அல்ல. ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்கப்படாததால் அட்டை நீக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுமி சந்தோஷி குமாரி 2017 செப்டம்பரில் இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்று தாய் சொன்னார், அரசு நிர்வாகம் அதை மறுத்து மலேரியா என்றது. அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 24 அன்று, ஒன்றிய உணவுத்துறை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய அறிவுறுத்தலில், ஆதார் இல்லை என்பதாலோ ரேகை பொருந்தவில்லை என்பதாலோ எவருக்கும் பொருளை மறுக்கவோ பட்டியலிலிருந்து பெயரை நீக்கவோ கூடாது என்று எழுதியிருக்கிறது. ரேகை விழவில்லை என்றால் கருவிழிப் பதிவு, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி., அதுவும் இல்லையென்றால் அட்டையை ஸ்கேன் செய்து பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுப்பது என்று மாற்று வழிகள் உள்ளன. கடைக்காரருக்கு இது தெரியும். ஆனால் அப்படிக் கொடுத்தால் மேலே அவர் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்பதால், விளக்கம் எழுதுவதைவிடக் கிழவியைத் திருப்பி அனுப்புவது அவருக்கு எளிதாகிவிடுகிறது. நடக்க முடியாதவர்கள் தங்கள் சார்பில் வாங்க ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம் என்பதையும் கடையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வண்டியில் வீட்டுக்கே பொருள் வருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த வண்டியிலும் கருவிதான் வருகிறது.

இதோடு கே.ஒய்.சி. என்ற, அட்டையில் உள்ளவர் அவர்தானா என்று ஆதார் வழியாகப் பார்க்கும் சரிபார்ப்பைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாதாமாதம் பொருள் வாங்க வீட்டில் ஒருவர் ரேகை வைத்தால் போதும். கே.ஒய்.சி.க்கு, முன்னுரிமை மற்றும் அந்தியோதயா அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவரும் ரேகை வைக்க வேண்டும். "நான்தான் ஒவ்வொரு மாதமும் கை வைக்கிறேனே" என்று சொல்லும் குடும்பத் தலைவிகளின் அட்டையில், வெளியூரில் இருக்கும் மகனும் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளும் சரிபார்க்கப்படாதவர்களாகத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை. எங்கே இருக்கிறார்களோ அந்த ஊர் ரேஷன் கடையிலேயே, வெளிமாநிலமாக இருந்தாலும், ஆதார் எண்ணைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். முடிந்ததும் உள்ளூர்க் கடைக்காரரிடம் உறுப்பினர் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். "எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று வாயால் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு கொண்டுவந்த திருத்த ஆணை இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து பொருள் வாங்காத அட்டை தற்காலிகமாக முடக்கப்படும் என்றும், அடுத்த மூன்று மாதத்துக்குள் நேரில் விசாரித்துத் தகுதியை முடிவு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. கே.ஒய்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், குழந்தைக்கு ஐந்து வயது முடிந்து ஓராண்டுக்குள் அதற்கும் செய்ய வேண்டும். போலி அட்டைகளைக் களைய என்று காரணம் சொல்லப்படுகிறது. மூன்று முறை திரும்பிப் போன அந்தப் பீடித் தொழிலாளியையும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் கழித்து வருபவர்களையும் போலிகளிடமிருந்து இந்த விதி எப்படிப் பிரித்தறியும் என்று கேட்டால் பதில் இல்லை. விசாரணைக்கு வருபவர் பகல் பதினொரு மணிக்கு வருவார். கூலிக்குப் போனவர்களின் வீடு பூட்டியிருக்கும். "முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதப்படும். ஆகவே, முழுப் பொருளும் வாங்க முடியாவிட்டாலும் கொஞ்சம் அரிசியாவது வாங்கிப் பில் போடச் செய்யுங்கள். வெளியூரில் இருந்தால் அங்குள்ள கடையில் வாங்குங்கள். விசாரணை இருப்பதாகத் தெரிந்தால் பக்கத்து வீட்டாரிடம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெயர் நீக்கத்தில் ஒரு பொறி உண்டு. மருமகளைப் புதிய அட்டையில் சேர்க்க, பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்க வேண்டும். நீக்கல் ஒரே நாளில் முடியும், சேர்த்தலுக்குக் காலம் இழுக்கும். நடுவில் அந்தப் பெண் எந்த அட்டையிலும் இல்லை. இடையில் கர்ப்பிணியாகி மருத்துவமனைக்குப் போனால் குடும்ப அட்டை கேட்பார்கள். நீக்குவதற்கு முன்பே சேர்ப்பதற்கான ஆவணங்கள் அத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, நீக்கிய அன்றே சேர்த்தலுக்குப் பதிவு செய்யுங்கள். அதேபோல், குடும்பத் தலைவி இறந்த பின் பயத்தில் பெயரை நீக்காமல் விடாதீர்கள். இறந்தவர் பெயரில் அரிசி வாங்கியதாகப் பிடிபட்டால் முழு அட்டைக்கும் சிக்கல் வரலாம்.

வாங்காத பொருளுக்குப் பில் போடுவது பற்றி ஒரு வார்த்தை. பருப்பு இல்லை என்று கடையில் சொல்வார்கள், வீட்டுக்கு வந்தால் பருப்பு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கும். குறுஞ்செய்தி போகும் எண் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். பலருடைய அட்டையில் விண்ணப்பம் பதிவு செய்த கடைக்காரரின் எண் அல்லது எப்போதோ தொலைந்த எண் இருக்கிறது. எண் உங்களுடையதாக இருந்தால், தவறான பில்லுக்கு பி.டி.எஸ். 107 என்று ஆங்கிலத்தில் தட்டி 9773904050 என்ற எண்ணுக்கு அனுப்பலாம். 1967 என்ற இலவச எண்ணிலும் புகார் செய்யலாம். அழைத்தவுடன் அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

கடைசியாக, அலைக்கழிப்பை எப்படி நிறுத்துவது என்பது. கடையில் கேட்டால் தாலுகா ஆபீஸ் என்பார்கள், அங்கே போனால் இ-சேவை மையம் என்பார்கள், இ-சேவையில் பதிந்தால் "ஆவணம் போதவில்லை" என்று ஒற்றை வரியில் நிராகரிப்பு வரும், எந்த ஆவணம் என்று மட்டும் இருக்காது. இந்த வட்டத்துக்குள் வாயால் பேசிக்கொண்டு சுற்றாதீர்கள். அட்டை எண், மறுக்கப்பட்ட தேதி, கடை எண், என்ன சொல்லி மறுத்தார்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் அந்தப் படியோடு போய் நில்லுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். முன்னுரிமை அட்டைதாரராக இருந்தால், சட்டப்படி மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலருக்கும் மாநில உணவு ஆணையத்துக்கும் முறையிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, தானியம் தராத மாதங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் படி என்று பணமாகக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. கேட்டவர்கள் மிகக் குறைவு.

பெயரோ அட்டையோ நீக்கப்பட்டிருந்தால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தேதியில் நீக்கப்பட்டது, எந்த ஆணையின்படி நீக்கப்பட்டது, நீக்குவதற்கு முன் எனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகலைத் தருக. பதிலுக்கு முப்பது நாள் கெடு உண்டு. இந்தக் கடிதம் போன பிறகு, பதில் வருவதற்கு முன்பே அட்டை உயிர்பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது, காட்டுவதற்கு அந்த அறிவிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. முத்திரை வாங்கிய படிகளை மட்டும் யாரிடமும், உதவி செய்வதாகச் சொல்லும் என்னைப் போன்றவர்களிடமும்கூட, அசலாகக் கொடுத்துவிடாதீர்கள். நகல் எடுத்துக் கொடுங்கள்.