ஒரு புள்ளியியலாளரின் மேற்கோள் கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் முதுகலைப் புள்ளியியல் மாணவி ஒருவர், முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருந்த நாட்களில், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் எண்ணிக் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில் இரண்டு ஆசிரியர்களின் பக்கங்களைக் கைப்பேசியில் காட்டி, "இவருக்கு எச்-குறியீடு அஞ்சு, அவருக்கு மூணு. அப்ப இவர்தானே சார் பெரியவர்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன், நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இருவரின் கட்டுரைகளும் பெற்ற மேற்கோள்களை வரிசையாக எழுதச் சொன்னேன்.

ஓர் ஆய்வாளர் தன் கட்டுரையின் முடிவில், தான் பயன்படுத்திய முந்தைய கட்டுரைகளைப் பட்டியலிடுகிறார். அப்படி ஒரு முறை இடம்பெறுவதே ஒரு மேற்கோள். இதைத் திருப்பிப் பார்த்து, ஒரு கட்டுரையைப் பின்னாளில் யாரெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று தேடலாம் என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955-ல் முன்வைத்தார். 1964-ல் அவரது அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. ஆய்வின் வழித்தடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உருவான அந்தக் கருவி, ஆட்களை எடைபோடும் தராசாக மாறியது பிறகுதான்.

ஓர் ஆய்வாளரின் மேற்கோள்களை ஒரே எண்ணில் சுருக்கும் எச்-குறியீட்டை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்மொழிந்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்கிக்கொண்டு மேலிருந்து எண்ணிக்கொண்டே வரவேண்டும். வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையாதவரை தொடரலாம், குறைந்த இடத்துக்கு முந்தைய வரிசை எண்ணே குறியீடு. மாணவி எழுதிய முதல் வரிசை 45, 20, 9, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள்கள் இருக்கின்றன, ஆறாவதற்கு 3 மட்டுமே; ஆகவே குறியீடு 5. இரண்டாவது வரிசை 640, 4, 3, 2, 1. மூன்றாவதற்கு 3 உண்டு, நான்காவதற்கு 2 தான்; ஆகவே குறியீடு 3. முதலாமவரின் மொத்தம் 89, இரண்டாமவரின் மொத்தம் 650. அந்த 640 வெறும் 3 ஆக இருந்திருந்தாலும் அவருடைய குறியீடு மாறியிருக்காது என்று சொன்னபோது, மாணவி பென்சிலை எடுத்து எண்ணை அடித்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தார்.

புள்ளியியலில் இது சிறிய விஷயம் அல்ல. நோய்க்கோ அணுவுக்கோ விடை தேடுவதைவிட, விடை தேடுபவர் கையில் கொடுக்க ஒரு முறையைச் செய்வதே புள்ளியியலாளரின் வேலையில் பெரும்பகுதி. ராயபுரத்துக்கு அருகே உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஒருவர் புற்றுநோய் சிகிச்சை பற்றி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு முடியும் நாளில் சில நோயாளிகள் உயிரோடு இருப்பார்கள், சிலர் ஊர் மாறிப் போயிருப்பார்கள். அவர்களுடைய ஆயுட்காலம் இத்தனை மாதத்துக்கு மேல் என்பது மட்டுமே தெரியும். அந்த அரைகுறைத் தகவலை வீணாக்காமல் உயிர்வாழும் வாய்ப்பைக் கணிக்கும் வழியைத்தான் கப்லானும் மையரும் 1958-ல் ஒரே கட்டுரையில் தந்தார்கள். நேச்சர் இதழ் 2014-ல் வெளியிட்ட, மிக அதிகமாக மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளின் பட்டியலில் அது 11-ஆம் இடத்தில் இருந்தது. அதே துறையில் டேவிட் காக்ஸ் 1972-ல் எழுதிய கட்டுரை 24-ஆம் இடத்தில் இருந்தது. இப்படி ஒரு கட்டுரை மலைபோல் உயர்ந்தாலும், எச்-குறியீட்டில் அது ஒரே ஒரு படிதான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு குறை உண்டு. இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் தன் இருபதுகளின் நடுவில், 1945-ல், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையில்தான், ஒரு பக்கம் சாயாத எந்த மதிப்பீடும் எட்டக்கூடிய துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்ற முடிவும், கையிலுள்ள மதிப்பீட்டை மேலும் துல்லியமாக்க வழிசொல்லும் ராவ்-பிளாக்வெல் தேற்றத்தின் கருவும் இருக்கின்றன. அந்தப் பணிக்காக 2023-ல், அவருடைய 102-ஆம் வயதில், பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு வழங்கப்பட்டது. இன்று இளங்கலை வகுப்பிலேயே இவை பாடம். பாடப்புத்தகத்தில் குடியேறிவிட்ட முடிவுக்குப் பலரும் மூலக் கட்டுரையைத் தேடி மேற்கோள் தருவதில்லை. ஆளின் பெயர் தேற்றத்தோடு ஒட்டிக்கொள்கிறது, எண்ணிக்கை மட்டும் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஒரு புள்ளியியலாளர் அடையக்கூடிய மிகப்பெரிய வெற்றியே அவருடைய மேற்கோள் கணக்கில் ஓட்டை போடுகிறது என்பதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன்.

துறைக்குத் துறை அளவும் வேறு: கணிதக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் குட்டையாகவும், உயிரியல் மருத்துவக் கட்டுரைகளுடையது நீளமாகவும் இருப்பதால், மருத்துவக் குழுவில் சேர்ந்து எழுதும் புள்ளியியலாளரின் எண்ணும் தனியே கோட்பாடு எழுதுபவரின் எண்ணும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆய்வேடுகளையும் எண்ணும் கூகுள் ஸ்காலரில் ஒரு எண் வரும், தேர்ந்தெடுத்த இதழ்களை எண்ணும் ஸ்கோபஸில் அதைவிடச் சிறிய எண் வரும். கட்டுரைகளின் எண்ணிக்கையை எச்-குறியீடு தாண்டவே முடியாது என்பதும் நினைவிருக்க வேண்டும். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜனை அன்று இந்த அளவுகோலால் அளந்திருந்தால், அதுவரை அச்சான கட்டுரைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், அவருடைய குறியீடு அந்த எண்ணிக்கையைத் தாண்டியிருக்காது. பன்னாட்டுக் கணித ஒன்றியமும் கணிதப் புள்ளியியல் நிறுவனமும் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் 2008-ல் வெளியிட்ட கூட்டறிக்கை, மேற்கோள் எண்களை மட்டும் வைத்து ஆய்வின் தரத்தைத் தீர்மானிப்பதை விரிவாகவே மறுத்தது.

மாணவி அன்று இரவே அந்த 640 மேற்கோள் பெற்ற கட்டுரையைத் தரவிறக்கினார். மறுநாள் இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு சமன்பாட்டைச் சுற்றி வட்டம் போட்டு எடுத்துவந்து, அது எப்படி வந்தது என்று கேட்டார்.