ரெகோலித்: மண்போர்வை

நிலவுப் பயணச் செய்தி எதை எடுத்தாலும் ‘ரெகோலித்’ என்ற சொல் தட்டுப்படுகிறது. கெட்டிப்பாறைக்கு மேலே உடைந்தும் உதிர்ந்தும் தளர்ந்தும் கிடக்கிற அடுக்கு முழுவதற்கும் அதுதான் பெயர். கிரேக்கத்தில் ‘ரேகோஸ்’ என்றால் போர்வை, ‘லித்தோஸ்’ என்றால் கல். 1897-இல் அமெரிக்கப் புவியியலாளர் ஜார்ஜ் மெரில் இரண்டையும் சேர்த்துப் புழக்கத்தில் விட்டார். அவர் எழுதியது பூமியைப் பற்றி. நிலவுக்கு இந்தச் சொல் பிறகுதான் போயிற்று.

ஆகவே காரைக்குடியில் நிற்பவரும் ரெகோலித்தின் மேல்தான் நிற்கிறார். செட்டிநாட்டில் கிணறு வெட்டினால் மேல்மண், சரளை, செம்புராங்கல் என்று வருகிறதே, அதெல்லாம் இதில் அடக்கம். நெடுங்காலம் மழைநீர் இறங்கி, பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. செம்புராங்கல்லின் சிவப்பு அந்த இரும்பால் வந்தது. தண்ணீருக்காக ஊருக்கு ஊர் ஊரணி வெட்டிய சீமையின் மண்ணைத் தண்ணீர்தான் செய்தது என்பது வேடிக்கைதான்.

நிலவில் மழையுமில்லை, காற்றுமில்லை. பெரிய விண்கல் முதல் கண்ணுக்குத் தெரியாத துகள்வரை பல நூறு கோடி ஆண்டுகளாக மோதியே பாறை பொடியானது. மோதிய சூட்டில் உருகிய கண்ணாடி, அந்தப் பொடியைத் திரும்ப ஒட்டவும் செய்தது. உருட்டித் தேய்க்க ஆறு இல்லாததால் துகள்களின் முனை மழுங்குவதில்லை. 1972-இல் அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட், உடையில் ஒட்டி வந்த தூசியால் கலத்துக்குள் மூக்கடைப்பில் அவதிப்பட்டார். மீண்டும் மனிதரை அனுப்பத் திட்டமிடுவோருக்கு இந்தத் தூசி இன்றும் தலைவலி.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சரளை’ ஆகாது, நிலவில் கிடப்பதில் பெரும்பகுதி 1 மில்லிமீட்டருக்கும் சிறிய பொடி. ‘சிதைபாறை’ என்றால் மழையும் வெயிலும் அரித்த நினைப்பு வரும், நிலவுக்குப் பொருந்தாது. ‘கற்போர்வை’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் கேட்டவுடன் தளம் போட்டதுபோல் இருக்கிறது. என் கட்சி ‘மண்போர்வை’. மட்கிய இலைதழையும் உயிரும் இல்லாததை மண் என்று அழைக்க மண்ணியலார் சிலர் தயங்குவார்கள். தமிழுக்கு அந்த நிபந்தனை கிடையாது. எதனால் உடைந்தது என்று இந்தச் சொல் பேசுவதில்லை என்பதால் செட்டிநாட்டுக்கும் நிலவுக்கும் ஒன்றுபோல் பொருந்தும்.

‘போர்வை’யும் வெறும் அலங்காரமில்லை. 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3 இறங்கிய இடத்தில் மேற்பரப்பு சுமார் 50 டிகிரி செல்சியஸ் காட்டியது. 8 சென்டிமீட்டர் கீழே சுழியத்துக்கும் 10 டிகிரி குறைவு. வெப்பத்தை அந்தப் பொடி உள்ளே அவ்வளவாக விடுவதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். அடுக்கு முழுவதும் மண்போர்வை. அதில் அள்ளிய பிடி ‘நிலவு மண்’. அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோவில் பாறைகளோடு இருந்ததும், சந்திரயான் 4 எடுத்துவரவேண்டியதும் அதுதான். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை இடித்து இஸ்ரோ சோதனைக்குச் செய்துகொண்டதை ‘போலி நிலவு மண்’ என்றே சொல்லலாம்.