அங்கதம்: 'சட்டயர்' என்பதற்கு உரிய தமிழ்

அமெரிக்க அரசியலைத் தமிழில் எழுதுவோர் 'சட்டயர்' என்ற சொல் வரும்போதெல்லாம் கேலி, கிண்டல், நையாண்டி, பகடி என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள். இதற்கு உரிய சொல் அங்கதம். ஓர் ஆளின், அமைப்பின், சட்டத்தின் குற்றத்தை நகையின் வழியே பழித்துக் காட்டுவது அங்கதம். பழிப்பு இல்லாமல் நகை மட்டும் இருந்தால் அது நகைச்சுவை. நகை இல்லாமல் பழிப்பு மட்டும் இருந்தால் அது கண்டனம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் 'சாத்துரா' என்னும் லத்தீன் சொல். பலவகைக் கனிகள் நிறைத்துத் தெய்வத்துக்குப் படைக்கும் தட்டை அப்படிச் சொன்னார்கள். பல பொருள்களைக் கலந்து பாடும் ஒருவகைச் செய்யுளுக்கும் பிறகு அதுவே பெயரானது. கிரேக்கக் கதைகளில் வரும் 'சாட்டிர்' என்ற பாதி ஆடு, பாதி மனித உருவத்தோடு இதை இணைத்துப் பார்த்த தவறான கருத்து நெடுங்காலம் நிலவியது. அதை மறுத்து இரண்டும் வேறு என்று காட்டியவர் ஐசக் கசோபன் என்ற அறிஞர், 1605இல்.

தமிழில் இந்தச் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை 'செம்பொருள் கரந்தது என இரு வகைத்தே' என்று பிரிக்கிறது. பழியை வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்றும் பெயர். 'மொழிகரந்து சொலினது பழிகரப் பாகும்' என்பது இரண்டாம் வகை, அதாவது பழியை மறைத்துச் சொல்வது. தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் அழகாக இருப்பதாகவும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகவும் பாடினார். கேட்பதற்குப் புகழ், பொருளோ, போரே காணாதவன் நீ என்பது. தோளில் அணியும் வளைக்கும் அங்கதம் என்றே பெயர் உண்டு. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

இந்த இரு வகைப் பிரிவு அமெரிக்க அங்கதத்தைப் படிக்க மிகவும் உதவுகிறது. கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1871இல் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் வரைந்த 'அமெரிக்கக் கங்கை ஆறு' செம்பொருள் அங்கதம். கத்தோலிக்க ஆயர்களின் நெடுமுடிகள் முதலை வாய்களாகத் திறந்திருக்க, அவர்கள் கரையேறிப் பள்ளிப் பிள்ளைகளை நோக்கி ஊர்ந்து வருகிறார்கள். பொதுப் பணத்தைத் திருச்சபைப் பள்ளிகளுக்குத் தரலாமா என்ற கொள்கைச் சண்டையே அதன் களம். நியூயார்க்கைச் சுரண்டிய ட்வீட் கும்பலை அதே நாஸ்ட் தாக்கிய படங்கள் கொண்டாடத்தக்கவை. ஆனால் இந்தப் படம், ஏற்கெனவே வெறுப்புக்கு ஆளாகியிருந்த ஐரிஷ் குடியேறிகளின் சமயத்தையே விலங்காக்கிவிட்டது. கொள்கையைத் தாக்கப் புறப்பட்ட அங்கதம் ஒரு மக்கள் கூட்டத்தைத் தாக்குவது இப்படித்தான் நேர்கிறது.

பழிகரப்புக்கு வேறோர் ஆபத்து உண்டு. 1747இல் லண்டன் இதழொன்றில் 'பாலி பேக்கரின் உரை' வெளிவந்தது. மணமாகாமல் ஐந்தாம் முறை குழந்தை பெற்றதற்காக வழக்கு மன்றத்தில் நிற்கும் பெண் பேசுகிறாள்: முதலில் தன்னை ஏமாற்றியவன் இன்று நீதிபதியாக இருக்கிறான், தண்டம் கட்டுவது நான் மட்டுமா, பெருகுங்கள் என்ற கடவுளின் கட்டளையைத்தானே நிறைவேற்றினேன் என்று. எழுதியவர் பெஞ்சமின் பிராங்கிளின். அந்தப் பெண் கற்பனை. சமய ஒழுக்கம் பேசும் சட்டம் பெண்ணை மட்டும் தண்டிக்கும் அநீதியை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன எழுத்து அக்காலத்தில் அரிது. ஆனால் பழி முழுவதும் மறைந்துவிட்டதால் பலர் அதை உண்மை வழக்கு என்றே நம்பினார்கள். பிரெஞ்சு அறிஞர் ரெய்னால் தம் வரலாற்று நூலில் நடந்த நிகழ்ச்சியாகவே அதைச் சேர்த்தார்.

2005இல் கான்சாஸ் மாநிலக் கல்வி வாரியம், பரிணாமக் கொள்கையை ஐயத்துக்கு உள்ளாக்கும் வகையில் அறிவியல் பாடத் தரத்தை மாற்றுவது பற்றி விவாதித்தது. அப்போது அதற்கு வந்த திறந்த கடிதம் ஒன்று, உலகைப் படைத்தது பறக்கும் ஸ்பாகெட்டி அரக்கன் என்றும், அந்த நம்பிக்கைக்கும் வகுப்பில் சம நேரம் தர வேண்டும் என்றும் கேட்டது. எதிராளியின் வாதத்தை அப்படியே ஏற்று, பொருளை மட்டும் மாற்றும் முறை இது. புதிய தரத்தை வாரியம் 6க்கு 4 என்ற வாக்கில் ஏற்றது. 2007இல் அது நீக்கப்பட்டது. பின்னர் நெப்ராஸ்காவில் ஒரு சிறைவாசி, இந்த அரக்கனை வழிபடுவது தன் சமயம் என்று வழக்குத் தொடுத்தார். 2016இல் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி, இது சமயம் ஆகாது, பொதுக் கல்வியில் சமயத்தின் இடம் பற்றி வாதிட எழுந்த பகடி என்று தீர்ப்பளித்தார்.

அந்தப் 'பகடி'யை இங்கே விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பாரடி' எனப்படுவது, வேறொன்றின் வடிவத்தைப் போலச் செய்து அதைத் திரிப்பது. அங்கதம் நோக்கத்தின் பெயர். பகடி அதற்குப் பயன்படும் முறைகளில் ஒன்று. ஈழத்துப் பேச்சில் 'பகிடி' வெறும் விளையாட்டுப் பேச்சைக் குறிப்பதால், அங்குள்ள வாசகர்களுக்கு எழுதும்போது 'போலச்செய்யும் அங்கதம்' என்று ஒருமுறை விரித்துச் சொல்வது நல்லது.

பகடிக்கும் மெய்ச்செய்திக்கும் உள்ள வேறுபாடு நீதிமன்றத்தில் பணமாகவே எண்ணப்பட்டது. 1983இல் ஹஸ்ட்லர் இதழ், கம்பாரி மது விளம்பரத்தைப் போலவே ஒரு பக்கம் அமைத்து, 'மாரல் மெஜாரிட்டி' என்ற பழமைவாதக் கிறிஸ்தவ அரசியல் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜெர்ரி ஃபால்வெல் தந்ததாக ஓர் ஆபாசக் கற்பனைப் பேட்டியை வெளியிட்டது. பக்கத்தின் அடியில், விளம்பரப் பகடி, மெய்யென்று கொள்ள வேண்டாம் என்ற சிறு குறிப்பும் இருந்தது. இதை யாரும் உண்மைச் செய்தியாகக் கொள்ள முடியாது என்பதால் நடுவர் குழு அவதூறுக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனால் மன வேதனைக்காக 1,00,000 டாலர் இழப்பீடும், அதற்கு மேல் தண்டத் தொகையும் விதித்தது. 1988இல் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள் ஒருமனதாக அதை நீக்கினார்கள். பொதுவாழ்வில் உள்ளவர் இழப்பீடு பெற வேண்டுமானால், அதில் ஓர் உண்மைக்கூற்று, அதாவது இது மெய் என்று சொல்லும் கூற்று, இருந்து அது பொய்யாகவும் இருக்க வேண்டும். பொய் என்று அறிந்தோ, மெய்யா பொய்யா என்று பொருட்படுத்தாமலோ அது வெளியிடப்பட்டிருக்க வேண்டும். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் அரசியல் கேலிச்சித்திர மரபையும் நாஸ்டின் படங்களையும் தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்.

ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, சொன்னது உண்மைக்கூற்றா என்பது. உண்மை போலச் சொல்லப்பட்ட பொய்யை அவதூறு அல்லது பொய்ச்செய்தி என்றே எழுதுங்கள். தாக்கப்படும் குற்றம் இருந்தால் அங்கதம். வடிவத்தைப் போலச் செய்திருந்தால் பகடி. நையாண்டி பேச்சின் தொனியைக் குறிப்பது, கிண்டல் அன்றாட வழக்கு. தீர்ப்பையோ சட்ட வாதத்தையோ பெயர்க்கும் இடத்தில் இவ்விரண்டையும் தவிர்க்கவும். 'கார்ட்டூன்' கேலிச்சித்திரம் அல்லது கருத்துப்படம். பிற தொடர்கள்: அங்கதக் கட்டுரை, அங்கதச் சித்திரம், அங்கத எழுத்தாளர்.