கடத்தியைக் கடத்தும் கடத்தி

"ஆம்ஃபெட்டமின் நரம்பியக்கடத்தி கடத்தியைத் தடுத்து நரம்பியக்கடத்தியை அதிகரிக்கிறது." திருத்தித் தரச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. இதே வரியை வெவ்வேறு பேர் எழுதிப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் நியூரோடிரான்ஸ்மிட்டர், டிரான்ஸ்போர்ட்டர் என்று வரும் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே 'கடத்தி'. பேச்சோ போதைக்கும் பயன்படுத்தப்படும் ஒரு மருந்தைப் பற்றியது. அவசரமாகப் படிப்பவர் சுங்கத்துறை செய்தி என்றே நினைத்துக்கொள்வார்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, அப்பால். 'போர்ட்டாரே' சுமப்பது, 'மிட்டெரே' அனுப்புவது. முதலாவதிலிருந்து டிரான்ஸ்போர்ட்டர் வந்தது, இரண்டாவதிலிருந்து டிரான்ஸ்மிட்டர். தமிழில் 'கட' தன்வினை, 'கடத்து' பிறவினை. கடக்கச் செய்வது என்று பொருள். காலம் கடத்துவதும் மின்சாரம் கடத்துவதும் ஆளைக் கடத்துவதும் இந்த ஒரே வினைதான்.

இப்போது யார் யாரைக் கடக்கச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். டோபமின், நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகியவை ஒரு நரம்பணுவிலிருந்து வெளிப்பட்டு, நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியைத் தாண்டி அடுத்த அணுவுக்குச் சேதி சொல்பவை. அவை தாமே கடக்கின்றன, எதையும் கடத்துவதில்லை. கடத்துவது அணுவின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம். டோபமினுக்கான புரதம் சவ்வை 12 முறை ஊடுருவித் தைத்ததுபோல் கிடக்கிறது. வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது ஒரு டோபமின், 2 சோடியம் அயனி, 1 குளோரைடு அயனி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளும். பிறகு வெளிவாய் மூடி உள்வாய் திறக்கும். இருந்த இடத்தை விட்டு அது நகர்வதில்லை, சரக்குதான் அக்கரை சேர்கிறது. 'கடத்து' என்ற வினைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அந்த வினையை உரியவரிடமிருந்து பிடுங்கி, தானே கடந்து போகிற டோபமினுக்குக் கொடுத்ததுதான் முதல் பிழை.

குழப்பம் தெரிந்த சிலர் டிரான்ஸ்போர்ட்டருக்கு மாற்றாக 'மீளுறிஞ்சி' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்க இனிமையான, நல்ல தமிழ்ச்சொல். வந்த வழியும் புரிகிறது. வெளிவிட்ட நார்அட்ரினலினை நரம்பு முனைகளே திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்று காட்டியவர் ஜூலியஸ் ஆக்சல்ராடு. 1970இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அந்த 'திரும்ப எடுத்தல்' பிரபலமாகி, எடுக்கும் புரதத்துக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆம்ஃபெட்டமினைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

கோகெயின் செய்வதும் ஆம்ஃபெட்டமின் செய்வதும் ஒன்றல்ல. கோகெயின் புரதத்தின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே போகாது. அதற்குத் 'தடுக்கிறது' என்று எழுதலாம். ஆம்ஃபெட்டமினின் உருவம் டோபமினுக்கு நெருக்கமானது. அதனால் டோபமினைப் போலவே அதே புரதத்தின் வழியாக உள்ளே ஏறிவிடும். உள்ளே டோபமினைச் சேமித்து வைக்கும் நுண்பைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் அமிலத்தன்மை உடையது, அந்த அமில வேறுபாட்டின் பலத்தில்தான் டோபமின் அங்கே அடைபடுகிறது. ஆம்ஃபெட்டமின் ஒரு மென்காரம். பைக்குள் புகுந்து அந்த வேறுபாட்டைக் குலைக்கிறது, டோபமின் பையிலிருந்து கசிந்து அணுவின் உட்பரப்பில் சேர்கிறது. அதே நேரத்தில் புரதத்தின் உட்பக்க நுனியில் பாஸ்பேட் ஏறுகிறது, அதன் போக்கு மாறுகிறது. இப்போது அது டோபமினை உள்ளிருந்து வெளியே தள்ளும். உறிஞ்சவேண்டியது உமிழ்கிறது. 'மீளுறிஞ்சி டோபமினை வெளியேற்றுகிறது' என்று எழுதிவிட்டு வாசகர் முகத்தில் எப்படி விழிப்பது?

இதோடு தீரவில்லை. அந்த நுண்பைகளின் சவ்விலும் டோபமினை உள்ளே ஏற்றும் புரதம் இருக்கிறது. அங்கே 'மீள்' என்ற பேச்சுக்கே இடமில்லை, அது சரக்கை முதன்முதலாக ஏற்றும் இடமாகவும் இருக்கிறதே. மூளையின் முன்நெற்றிப் புறணியிலோ டோபமினைப் பெரும்பாலும் அள்ளிக்கொள்வது நார்அட்ரினலினுக்கான புரதம். தான் வெளிவிடாததை எடுத்துக்கொள்வதில் 'மீள்' எங்கிருந்து வரும்? ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும்போது அதன் வழக்கமான வேலையை மட்டும் பார்த்து வைத்தால், அது வேறு வேலை செய்யும் அன்றைக்குப் பெயர் பொய்யாகிவிடும்.

என் பரிந்துரை, கடத்துபுரதம். எங்கோ ஓரிரு இடங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டதுதான், என் கண்டுபிடிப்பல்ல. வினைத்தொகை என்பதால் நடுவில் 'ப்' வேண்டாம் ('கடத்துப்புரதம்' என்று அச்சிடுபவர்கள் கவனிக்க). வளர்பிறைபோல மூன்று காலத்துக்கும் பொருந்தும். எனக்கு அதைவிட முக்கியம், அதற்குத் திசையும் இல்லை. உள்ளே கடத்தினாலும் வெளியே கடத்தினாலும் கடத்துபுரதம்தான். டோபமின் கடத்துபுரதம், நுண்பைக் கடத்துபுரதம் என்று அடை சேர்த்துக்கொள்ள இடமும் இருக்கிறது.

ஆம்ஃபெட்டமினை எப்படித் தமிழாக்குவது என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். ஆல்ஃபா-மெத்தில்-ஃபெனெத்தில்-அமீன் என்ற வேதிப்பெயரின் துண்டுகளை ஒட்டிச் செய்த பெயர் அது. 1887இல் ருமேனிய வேதியியலாளர் லாசர் எடெலியானு அதை முதலில் தயாரித்தபோது அதற்கு அந்தப் பெயரே இல்லை. ஒட்டுப்போட்ட பெயரைப் பிரித்துத் தமிழாக்கும் தூய்மை வெறி எனக்கு இல்லை. 'போதைப்பொருள்' என்று மட்டும் எழுதுவதும் தவறு, கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்தும் அதுதான்.

டிரான்ஸ்மிட்டருக்கு? நரம்புத்தூது. 'இரண்டாம் தூது என்ற சொல் அணுவின் உட்பகுதி வேதிப்பொருள்களுக்கு இருக்கிறதே, குழம்பாதா' என்றார் அதே நண்பர். இரண்டாம் தூது என்றால் முதல் தூது ஒன்று இருந்தாக வேண்டும். டோபமின் அந்த முதல் தூதுகளில் ஒன்று. இனி அந்த வரி: "ஆம்ஃபெட்டமின் கடத்துபுரதத்தின் வழியாக நரம்பணுவுக்குள் நுழைந்து, அதே புரதம் நரம்புத்தூதை வெளியே கடத்தும்படி செய்கிறது." திருத்தி அனுப்பிவிட்டேன். அச்சில் 'நரம்புத்தூது கடத்தல்காரர்' என்று வராமல் இருக்கவேண்டும்.