டிரம்முக்குள் தெரியும் காய்ச்சல்

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வருவதால், வாசலுக்கு வாசல் 200 லிட்டர் நீல டிரம் நிற்கும். கொசு ஒழிப்புப் பணியாளர் மூடியைத் தூக்கி டார்ச் அடித்ததும், நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கிவிடும். அவை மூச்சுக்காக மேலே வரும்வரை பொறுத்திருக்காமல் மூடியவரின் ஏட்டில், புழு உள்ள டிரம்மும் சுத்தமானதாகவே ஏறும்.

புழுவைத் தேடுவதற்குப் பதில் காய்ச்சல்காரர்களை எண்ணினால் போதாதா? மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் அதைச் செய்கின்றன; 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் அந்தக் கணக்குகளைத் தொகுக்கிறது. ஆனால், டெங்கு வைரஸ் கொசுவின் உடலில் முதிர்ந்து பரவும் நிலையை அடைய 8 முதல் 12 நாட்களும், கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண மேலும் 4 முதல் 10 நாட்களும் ஆகும். அதற்குப் பிறகும் மருந்துக்கடை மாத்திரையில் இரண்டு நாள் கழியும். ஆகவே இன்று பதிவாகும் நோயாளி, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கொசு குடித்த இரத்தத்தின் கணக்கு.

கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழக் காரணமான அந்தக் கொள்ளைநோய்க்கும் ஒரு முன்னறிவிப்பு இருந்தது: வீட்டில் முதலில் எலிகள் செத்து விழும். டெங்குவில் புழு அதைவிடவும் முந்திய அறிகுறி.

50 வீடுகளைப் பார்த்ததில் 6 வீடுகளில், மொத்தம் 9 கலன்களில் புழு இருந்ததாக வைத்துக்கொள்வோம். நூறு வீட்டுக்குக் கணக்கிட்டால் வீட்டுக் குறியீடு 12, கலன்களைக் கொண்டு கணக்கிடும் பிரெட்டோ குறியீடு 18. முன்னது 5-ஐயோ பின்னது 20-ஐயோ தாண்டிய பகுதியை டெங்கு பரவக்கூடிய இடமாகக் கொள்வது வழக்கம். இந்தக் கணக்கில் எனக்கொரு குறை உண்டு: நான்கு புழு நெளியும் தேங்காய்ச் சிரட்டையும் நூற்றுக்கணக்கில் கொசுவை வெளியேற்றும் டிரம்மும் இங்கே ஆளுக்கு ஒன்றுதான். கொசுவாகும் தறுவாயிலுள்ள கூட்டுப்புழுக்களை எண்ணுவது இதைவிட உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் வேலை அதிகம்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் அன்றைய கணக்கு சுழியாகிவிடும். முட்டைகளோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும். நார் போட்டுத் தேய்க்காத டிரம்மில் அடுத்த முறை தண்ணீர் நிரம்பியதும் அவை பொரிந்து, ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடுவதால்தான், போன வாரம் வந்த அதே ஆள் இந்த வாரமும் டார்ச்சோடு அதே வாசலில் வந்து நிற்கிறார்.