அணைக்குக் கீழேயும் ஆறு ஓட வேண்டும்: கங்கை நீரோட்ட ஆணை என்ன சொல்கிறது?

உத்தராகண்டில், தராசு என்ற ஊரிலிருந்து உத்தரகாசி போகும் சாலையில், கங்கையின் தலையாறுகளில் ஒன்றான பாகீரதி கூடவே வரும். இந்த ஆணை வருவதற்கு முந்தைய குளிர்காலங்களில் அங்கே பஸ் ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் கல்தான். வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள், ஓரத்தில் நூல் போல ஒரு நீர்க்கோடு.

தண்ணீர் எங்கே போனது? உத்தரகாசியை ஒட்டிய ஜோஷியாரா தடுப்பணையில் அதைத் திருப்பி, மலையைக் குடைந்த சுமார் 16 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தராசு மின்நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள். இந்த மின்திட்டத்தின் பெயர் மனேரி பாலி இரண்டாம் கட்டம், திறன் 304 மெகாவாட். டர்பைனைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் ஆற்றுக்கே திரும்பிவிடும், ஒரு சொட்டும் செலவாகாது என்பார்கள். சரிதான். ஆனால் தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் கிடக்கிற ஆற்றுக்கு என்ன மிச்சம்? அந்தக் கரையிலும் ஊர்கள் இருக்கின்றன, சுடுகாட்டுத் துறைகள் இருக்கின்றன, முட்டையிட மேல்நோக்கி ஏறும் மீன்கள் இருக்கின்றன.

இதற்காகத்தான் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2018 அக்டோபரில் ஓர் ஆணை வெளியிட்டது. கங்கை தடையின்றி ஓட வேண்டும் என்று 111 நாள் உண்ணாவிரதம் இருந்த பேராசிரியர் ஜி.டி. அகர்வால் இறந்ததும் அதே மாதம், 11ஆம் தேதி.

பனிமலையிலிருந்து தேவப்பிரயாகை வழியாக ஹரித்வார் வரை கணக்கு சதவீதத்தில். நவம்பர் முதல் மார்ச் வரை 20, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதத் தண்ணீரை ஆற்றிலேயே விட வேண்டும். எதில் 20 சதவீதம்? அதற்கு முந்தைய பத்து நாளில் அளந்த வரத்தின் சராசரியில். ஜனவரியில் அந்தச் சராசரி விநாடிக்கு 50 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கன மீட்டர், அதாவது விநாடிக்குப் பத்தாயிரம் லிட்டர், மதகு வழியே கீழே போயே ஆக வேண்டும்.

ஹரித்வாருக்குக் கீழே சதவீதம் கிடையாது, நேரடி அளவுதான். ஹரித்வாரின் பீம்கோடா தடுப்பணையில் அக்டோபர் முதல் மே வரை விநாடிக்கு 36 கன மீட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 1,270 கன அடி. மழைக்காலத்தில் 57 கன மீட்டர். அதற்கும் கீழே உள்ள பிஜ்னோர், நரோரா, கான்பூர் தடுப்பணைகள் மூன்றிலும் 24, மழைக்காலத்தில் 48.

பழைய திட்டங்களுக்கு முதலில் மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள். பிறகு அதைச் சுருக்கி, 2019 டிசம்பர் 15 முதலே விட வேண்டும் என்றார்கள். அது நல்ல முடிவு. ஆற்றின் போக்கை மாற்றாத மிகச் சிறு திட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அணையை நடத்துபவர்கள் தானியங்கி அளவுக் கருவி வைக்க வேண்டும். மேற்பார்வை மத்திய நீர் ஆணையத்திடம். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூய கங்கைக்கான தேசிய இயக்கத்துக்கு அறிக்கை தர வேண்டும்.

எனக்குக் குறையாகப் படுவது அந்த 20 சதவீதம்தான். ஆறு ஏற்கெனவே மெலிந்திருக்கும் மாதங்களில்தான் மிகக் குறைந்த பங்கு. பனிக்காலத்தில் ஐந்தில் நான்கு பங்கு சுரங்கத்துக்குள் போகலாம் என்று ஆணையே அனுமதிக்கிறது. அப்புறம், இவ்வளவு விட்டால் மின்சாரம் நஷ்டம் என்ற பேச்சு. ஆற்றுக்கு விடும் தண்ணீரையே அணையின் காலடியில் ஒரு சிறு டர்பைன் வழியாக விட்டு, நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்ட முடியும்.

ஆணை கங்கைக்கு மட்டும்தான். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை இந்தியக் குடிமகன் யாருக்கும் உண்டு, சென்னையில் இருந்துகொண்டும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய நீர் ஆணையத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு, ஆன்லைனிலேயே மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஆணையைப் பின்பற்றுகிறார்களா?" என்று கேட்காதீர்கள், "ஆம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஓர் அணையையும் ஒரு மாதத்தையும் குறிப்பிட்டு, நாள்வாரியாக மூன்று எண்கள் கேளுங்கள்: வந்த தண்ணீர் எவ்வளவு, சுரங்கத்துக்குப் போனது எவ்வளவு, ஆற்றில் விட்டது எவ்வளவு. ஜனவரி மாதத்தைக் கேட்பது நல்லது.