தூசிக்கு ஃபெல்ட், நாற்றத்துக்குக் கரி: நெய்யாத துணி வடிகட்டும் விதம்

சிமென்ட் அரவை மில்லுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே 6 மீட்டர் நீளப் பைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். தொழிற்சாலையில் அதைப் 'பேக் ஃபில்டர்' என்பார்கள். தூசி கலந்த காற்று பையின் வெளிப்புறத்தில் மோதும். தூசி வெளியிலேயே தங்கிவிடும். சுத்தமான காற்று பையின் உள்வழியாக மேலேறிப் புகைபோக்கிக்குப் போகும். அந்தப் பை நெய்த துணி இல்லை. பாவும் ஊடையும் இல்லாமல் இழைகளை நேரடியாகப் பின்னிப் பிணைத்துச் செய்த ஃபெல்ட்.

செய்முறையைப் பார்ப்போம். 50 முதல் 60 மில்லிமீட்டர் நீளமுள்ள பாலியெஸ்டர் இழைகளைப் பிரித்து, கார்டிங் இயந்திரத்தில் சீவி, மெல்லிய படலமாக்குவார்கள். அந்தப் படலத்தைக் குறுக்கும் மறுக்குமாகப் பல அடுக்கு மடித்து, நடுவில் ஸ்கிரிம் எனப்படும் நெய்த வலை ஒன்றை வைப்பார்கள். பையின் எடையையும் இழுவையையும் தாங்குவது அந்த வலைதான். பிறகு நீடில் பஞ்ச் இயந்திரம். அதன் ஊசிகளின் ஓரத்தில் சிறு வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு குத்திலும் அவை மேலுள்ள இழைகளை இழுத்துக் கீழே செருகும். ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கான குத்துகள் விழுந்தபின் படலம் கெட்டியான ஃபெல்ட்டாகும். அடுத்து சூட்டில் நிலைப்படுத்துவார்கள். இதைத் தவிர்த்தால் பை வேலை செய்யும்போது சுருங்கி, உள்ளிருந்து அதைத் தாங்கும் கம்பிக் கூண்டை இறுக்கும். கடைசியாக, தூசி படும் பக்கத்தைத் தீச்சுடரில் காட்டி நீட்டிக்கொண்டிருக்கும் முடிகளைப் பொசுக்குவார்கள். முடி இருந்தால் தூசி அதில் பற்றிக்கொண்டு உதிர மறுக்கும்.

இப்படிக் கிடைக்கும் ஃபெல்ட் சதுர மீட்டருக்கு 500 கிராம், தடிமன் 1.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாலியெஸ்டரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.38 கிராம். கணக்குப் போட்டால் துணியின் கன அளவில் 20 சதவீதம்தான் இழை. மீதி 80 சதவீதம் வெற்றிடம். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் பல மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம். அப்படியானால் 1 மைக்ரான் தூசி எப்படி நிற்கிறது?

சல்லடை வேலை இதில் ஒரு பங்குதான். கனமான துகள், காற்று இழையைச் சுற்றி வளையும்போது தானும் வளைய முடியாமல் நேராகப் போய் இழையில் மோதுகிறது. நடுத்தரத் துகள் இழையை உரசிப் போகையில் ஒட்டிக்கொள்கிறது. 0.1 மைக்ரானுக்குக் கீழுள்ள மிக நுண்ணிய துகளைக் காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால், அது தாறுமாறாக அலைந்து ஏதாவதொரு இழையில் போய் முட்டுகிறது. சுமார் 0.3 மைக்ரான் துகளுக்கு மட்டும் மோதும் கனமும் இல்லை, அலையும் வேகமும் இல்லை. தப்பிப் போவதில் அதுவே முதலிடம்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பேக் ஃபில்டரில் பெரும்பாலான வேலையைச் செய்வது இழை அல்ல, தூசியேதான். பையின்மேல் படிந்த தூசிப் படலம் துணியைவிட நுண்ணிய துளைகள் கொண்டது. பின்னால் வரும் தூசியை அது நிறுத்துகிறது. அந்தப் படலத்தைத் தாங்கும் சுவர்தான் துணி. இதைப் புரிந்துகொள்ளாமல் அடிக்கடி பையை உதறிச் 'சுத்தமாக' வைத்திருக்க நினைப்பவர்கள் புகைபோக்கியில் தூசியைக் கூட்டுகிறார்கள், பையின் ஆயுளையும் குறைக்கிறார்கள். பைக்கு உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வேறுபாடு 100 முதல் 150 மில்லிமீட்டர் நீர்மட்டத்துக்குள் (அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) இருக்கும்படி, அந்த அளவைப் பார்த்து உதறுவதே சரி. நேரக் கணக்கு வைத்து உதறுவது சோம்பலான வழி. உதறல் என்பது 4 முதல் 6 பார் அழுத்தக் காற்றைப் பத்தில் ஒரு பங்கு விநாடி மேலிருந்து பைக்குள் அடிப்பது. பை சட்டென்று உப்பி அடங்கும்போது படலம் உடைந்து, கீழே தூசி சேரும் ஹாப்பரில் விழும். உதறும் காற்றில் எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் அது பையின் உட்புறத்தை அடைத்துவிடும். கம்ப்ரஸருக்கு டிரையர் வைப்பது ஆடம்பரம் இல்லை.

எத்தனை பை வேண்டும்? மணிக்கு 30,000 கன மீட்டர் காற்று என்று கொள்வோம். துணியின் ஊடே காற்று நிமிடத்துக்கு 1 மீட்டர் வேகத்தில் போகலாம் என்று முடிவு செய்தால் 500 சதுர மீட்டர் துணி தேவை. 160 மில்லிமீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளமுள்ள பை ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ஆக 168 பைகள். 12 வரிசை, வரிசைக்கு 14. செலவைக் குறைக்க 110 பையோடு நிறுத்தினால் வேகம் 1.5 மீட்டராகும். தூசி துணியின் ஆழத்துக்குள் இறங்கும், உதறினாலும் திரும்பி வராது, சில மாதங்களில் அழுத்த வேறுபாடு ஏறிக்கொண்டே போகும். அப்போது துணியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இழையைத் தேர்ந்தெடுப்பது வாயு

துணி வாங்குமுன் நான்கு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: வாயுவின் வெப்பம், ஈரம், அமிலம், ஆக்சிஜன். பாலியெஸ்டர் விலை குறைவு, உறுதி அதிகம், 130 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பு நடந்து இழையின் மூலக்கூற்றுச் சங்கிலி அறுபடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் பை கையால் இழுத்தாலே கிழியும். ஈரமான 120 டிகிரி வாயுவுக்கு அக்ரிலிக் நல்லது. 200 டிகிரி வரை உலர்ந்த வாயுவுக்கு மெட்டா அராமிட் (நோமெக்ஸ் போன்ற வெப்பம் தாங்கும் இழை). சிமென்ட் சூளையிலிருந்து வரும் சூடான கட்டிகளை ஆற்றும் கிளிங்கர் கூலரில் இதைப் பார்க்கலாம். நிலக்கரிக் கொதிகலனின் அமில வாயுவுக்கு பி.பி.எஸ். (பாலிபினைலீன் சல்ஃபைடு) இழை, சுமார் 180 டிகிரி வரை. அமிலத்தை அசையாமல் தாங்கும் இந்த பி.பி.எஸ்., ஆக்சிஜன் மிகுந்த சூட்டில் கருத்து நொறுங்கிப்போகும். கொதிகலன் குழாயில் வெளிக்காற்று கசிந்து உள்ளே வருவதே இதற்குப் பல சமயம் காரணம். 240 டிகிரிக்கு பாலிஇமைடு, 250-க்கு மேல் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) அல்லது கண்ணாடி இழை. கண்ணாடி இழை சூட்டைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அதனால் அதற்கு நெருக்கமான கம்பிகள் கொண்ட கூண்டு தேவை.

மற்றப் பைகளுக்கும் கூண்டு முக்கியம். கூண்டின்மேல் மாட்டிய பையைக் கிள்ளினால் விரலுக்குள் சிறு மடிப்பு வர வேண்டும். மடிப்பே வராத இறுக்கத்தில் பை உப்ப இடமில்லை, தூசி உதிராது. தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் உதறலிலும் துணி கம்பியில் அடிபட்டு, கம்பியின் நேர்கோட்டிலேயே தேய்ந்து ஓட்டையாகும். கழற்றிய பையில் ஓட்டை எங்கே என்று பார்த்தாலே நோய் தெரியும். கம்பிக் கோட்டில் என்றால் கூண்டு. அடிப்பகுதியில் என்றால் கோணிய கூண்டால் பக்கத்துப் பையோடு உரசல். நுழைவாயில் பக்கம் மட்டும் என்றால் தூசிக்காற்றின் நேரடி வீச்சு. பொட்டுப் பொட்டாகக் கருகிய துளை என்றால் தீப்பொறி.

ஒரு சின்ன ஓட்டை என்ன செய்துவிடும்? அழுத்த வேறுபாடு 120 மில்லிமீட்டர் நீர்மட்டம் இருக்கையில் ஓட்டை வழியே காற்று விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் பாயும். 1 சதுர சென்டிமீட்டர் ஓட்டையில் மணிக்குச் சுமார் 11 கன மீட்டர். பையருகே கன மீட்டருக்கு 50 கிராம் தூசி இருந்தால் மணிக்கு 540 கிராம் வெளியேறும். அதை மேலே சொன்ன 30,000 கன மீட்டரில் பரப்பினால், கன மீட்டருக்கு 18 மில்லிகிராம் கூடுதல். இந்தியாவில் சிமென்ட் சூளைக்கு உள்ள வரம்பு 30 மில்லிகிராம் என்பதோடு ஒப்பிட்டால், 168 பைகளில் ஒரே ஒரு விரல்நுனி ஓட்டை என்ன பொருள் என்பது புரியும். ஒளிரும் பொடியைக் காற்றில் கலந்து விட்டு, மின்விசிறியை நிறுத்திய பிறகு சுத்தமான பக்கத்தில் புற ஊதா விளக்கடித்துப் பார்த்தால் கசியும் பை தனியாக ஒளிரும்.

ஈரம் அடுத்த எதிரி. சிமென்ட் தூசி படிந்த பையில் வாயு குளிர்ந்து நீர் கோத்தால் துணிக்குள்ளேயே கட்டியாகிவிடும்; அந்தப் பையை மீட்க வழியில்லை. எனவே மில்லை நிறுத்தியதும் விசிறியை உடனே அணைக்கக் கூடாது. உலர்ந்த காற்றைச் சிறிது நேரம் ஓடவிட்டு ஈரத்தை வெளியேற்றி, பைகளை உதறி, ஹாப்பரைக் காலி செய்துவிட்டு நிறுத்த வேண்டும். புதுப் பை மாட்டிய நாளில் உதறலை அணைத்து வைத்து, சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிராம் சுண்ணாம்புக்கல் பொடியை முதலில் ஏற்றுவது நல்ல பழக்கம்.

நாற்றம் வேறு கணக்கு

அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறு ஏறக்குறைய 0.4 நானோமீட்டர். ஃபெல்ட்டின் 20 மைக்ரான் இடைவெளி அதைவிட 50,000 மடங்கு பெரிது. எவ்வளவு அடர்த்தியாகத் துணி செய்தாலும் நாற்றம் ஊடுருவிப் போகும். அதை மேற்பரப்பில் ஒட்டவைத்துத்தான் பிடிக்க முடியும். கிளர்வூட்டிய கரி அதற்காகவே: ஒரு கிராமில் 800 முதல் 1,200 சதுர மீட்டர் உட்பரப்பு, பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் சிறிய துளைகளில்.

நெய்யாத துணியில் கரியை ஏற்ற மூன்று வழிகள். இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவே கரிமணிகளையும் உருகும் பசைப் பொடியையும் தூவிச் சூட்டில் ஒட்டலாம். கரித்தூளைப் பசைக்குழம்பில் கலந்து துணியை முக்கி எடுக்கலாம். மலிவு, ஆனால் பசை கரியின் துளைகளையே மூடிவிடும். விஸ்கோஸ் ஃபெல்ட்டையே காற்றில்லாமல் கருக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவியால் துளையிட்டுக் கரியிழைத் துணியாக்கலாம். விலை அதிகம், வாயுவைப் பிடிக்கும் வேகமும் அதிகம்.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. சதுர மீட்டருக்கு 300 கிராம் கரி, அது தன் எடையில் 10 சதவீதம் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் என்றால், 30 கிராம்தான் கொள்ளும். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றில் கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் ஆவி வந்தால் மணிக்கு 50 கிராம். ஒரு சதுர மீட்டர் துணி 36 நிமிடத்தில் நிரம்பிவிடும். காற்றில் ஆவியின் அளவு குறைந்தால் கரி பிடிக்கும் சதவீதமும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீரியமான நாற்றத்துக்கு ஆழமான கரிப் படுகையோ கழுவும் கோபுரமோதான் வழி. மெலிந்த நாற்றத்தின் கடைசிக் கட்டத்துக்கே கரித்துணி பொருந்தும்.

எல்லா நாற்றத்துக்கும் ஒரே கரியும் உதவாது. டொலுயீன் போன்ற கரைப்பான்களுக்குச் சாதாரணக் கரி போதும். அம்மோனியாவுக்கும் மீன்தூள் ஆலையின் அமீன்களுக்கும் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய கரி வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குக் காரம் ஏற்றியது. ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கரைப்பான் ஆவிக்கான இடத்தைத் தண்ணீரே நிரப்பிவிடும். முன்னால் தூசி ஃபில்டர் இல்லாவிட்டால் கரியின் வாயை தூசி அடைத்துவிடும்.

கரி நிரம்பியதை அழுத்த மீட்டர் காட்டாது. மூக்கை நம்புவதும் ஆபத்து: ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் முகரும் உணர்வையே மழுங்கடிக்கும். இரண்டு கரி அடுக்குகளை அடுத்தடுத்து வைத்து, நடுவில் வாயு காட்டிக் குழாயால் (வாயு பட்டால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்) சோதிப்பதே நம்பத்தக்கது. நடுவில் வாயு தெரிந்த அன்று முதல் அடுக்கைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் செருக வேண்டும்.